எல்லைக் கோடு நகரும்போது வீட்டுச் செலவு யார் தலையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊராட்சிகளை மாநகராட்சி, நகராட்சிகளோடு இணைப்பது பற்றி உங்கள் நாளிதழில் தொடர்ந்து செய்திகளும் வாசகர் கடிதங்களும் வருகின்றன. எதிர்ப்பவர்கள் நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்கிறார்கள். ஆதரிப்பவர்களோ, நகரத்து ரோட்டையும் பஸ்ஸையும் ஆஸ்பத்திரியையும் பயன்படுத்திக்கொண்டு கிராமத்து வரி மட்டும் கட்டினால் எப்படி என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் பேசாமல் விடுகிற கணக்கு ஒன்று இருக்கிறது. எல்லையோரத்தில் இரண்டு மூன்று சென்ட் இடத்தில் தலைக்கு மேல் ஒரு காங்கிரீட் கூரை போடப் பாடுபடும் குடும்பத்துக்கு, அந்தக் கோடு நகர்ந்ததும் என்ன கூடுகிறது, என்ன குறைகிறது என்ற கணக்கு அது. அதைக் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும்.

2025 ஜனவரித் தொடக்கத்தில் வந்த அறிவிப்பின்படி 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளும், 41 நகராட்சிகளோடு 147 ஊராட்சிகளும் சேர்க்கப்படுவதாகத் திட்டம். அதே ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். இணைப்பு வேண்டுமா வேண்டாமா என்று மக்கள் கேட்ட நாட்களில், பதில் சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் அங்கே இல்லை. கலெக்டர் அலுவலக வாசல்களில் மனுவோடு கூட்டம் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் குடிசையில் இருப்பவரின் நிலை. ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் அவருக்குக் கலைஞர் கனவு இல்லம் திட்டம் உண்டு. 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரை கட்டாயம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையும் போடலாம். 2030-க்குள் குடிசையே இல்லாத தமிழ்நாடு என்ற இலக்கோடு ஆறு ஆண்டுகளில் 8 லட்சம் வீடுகள் என்று அறிவிக்கப்பட்ட நல்ல திட்டம். ஆனால் அது ஊரக வளர்ச்சித் துறையின் திட்டம். எல்லைக் கோடு நகர்ந்து அதே குடிசை மாநகராட்சிக்குள் வந்துவிட்டால், அவர் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில் போய் நிற்க வேண்டும். 2024-இல் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டத்தில், சொந்த இடத்தில் தானே கட்டிக்கொள்பவருக்கு ஒன்றியப் பங்கு 1.50 லட்சம், மாநிலப் பங்கு 1 லட்சம், ஆக 2.50 லட்சம். குடும்பம் அதுவேதான், மண்ணும் அதுவேதான். உதவியில் மட்டும் ஒரு லட்சம் குறைகிறது.

கூலிப் பங்கு தனி. பிரதமர் திட்டத்தின் ஊரகப் பிரிவில் வீடு கட்டுபவர், தன் வீட்டு வேலைக்கே 90 நாள் கூலியை நூறு நாள் வேலைக் கணக்கில் பெற்றுவந்தார். 2025-26-இல் தமிழ்நாட்டுக்கான கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். 90 நாளுக்கு 30,240 ரூபாய். நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் நிறைவேறிய 125 நாள் சட்டமும் சரி, ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரியவை. மாநில அரசு 2021-22-இல் தொடங்கிய நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் சில இடங்களோடு நிற்கிறது. ஊராட்சியில் அட்டை வைத்திருந்த எல்லோரையும் தாங்கும் அளவு அதற்கு இல்லை.

இந்த ஒரு லட்சமோ முப்பதாயிரமோ எவ்வளவு பெரிய தொகை என்பது பொருள் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 360 சதுர அடியில் 9 அங்குலச் சுவரோடு ஒரு வீடு எழுப்ப ஏறக்குறைய எட்டாயிரம், ஒன்பதாயிரம் செங்கல் வேண்டும். சிமென்ட் 140 மூட்டை ஆகும். லிண்டல், சன்ஷேடு, மேல்தளம் எல்லாம் சேர்த்தால் முக்கால் டன் கம்பி. எம்-சாண்ட் ஐந்து யூனிட், ஜல்லி மூன்று நான்கு யூனிட். இதற்கு மேல் கொத்தனார், சித்தாள் கூலி, சென்ட்ரிங் சாமான் வாடகை, கதவு, ஜன்னல், வயரிங், குழாய், கழிப்பறைத் தொட்டி. சிக்கனமாகக் கட்டினாலும் ஐந்து லட்சத்தை நெருங்கும். கரிசல் மண்ணாக இருந்தால் மூன்றடி அஸ்திவாரம் நிற்காது. ஐந்தடிக்கு மேல் தோண்டி, அடியில் மணல் நிரப்பி, பெல்ட் போட வேண்டும். பேஸ்மென்ட் மட்டத்திலேயே பட்ஜெட் உடைந்துவிடும். சந்துக்குள் லாரி நுழையாது என்றால் மெயின் ரோட்டில் கொட்டிச் சின்ன வண்டியில் நடை அடிக்கும் செலவு வேறு. ஆக, 3.50 லட்சம் கிடைத்தாலே ஒன்றரை லட்சம் கையிலிருந்து போட வேண்டும். 2.50 லட்சம் என்றால் பாதியைப் புரட்டியாக வேண்டும்.

அந்தப் பணமும் முன்கூட்டி வருவதில்லை. பேஸ்மென்ட், லிண்டல், மேல்தளம், முடிவு என்று கட்டம் கட்டமாகத்தான் வரும். ஒவ்வொரு கட்டமும் முடிந்து, ஓவர்சியர் வந்து இடக்குறியீட்டோடு செல்போனில் படம் எடுத்து ஏற்றிய பிறகே தவணை. முதல் கட்டச் செலவு முழுவதும் குடும்பத்தினுடையது. அதற்கு 50,000 ரூபாயை நூற்றுக்கு மூன்று வட்டியில் வாங்கினால் மாதம் 1,500 ரூபாய். தவணை நான்கு மாதம் தள்ளிப்போனால் 6,000 ரூபாய், அதாவது சுமார் 600 செங்கல்லின் விலை, வட்டிக்கே போய்விடும். பணம் தீர்ந்து லிண்டல் மட்டத்தில் நின்ற வீடு ஒரு மழைக்காலம் நனைந்தால், நீட்டிவிட்ட கம்பியில் துரு ஏறும், மேல் வரிசைச் செங்கல் பெயரும். மறுபடி தொடங்கும்போது இரண்டு வரிசையை இடித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

இப்படிப் பாதியில் நிற்கிற நேரத்தில் ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தால் என்ன ஆகும்? அதுவரை பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் இருந்த கோப்பு யாருடையது என்று தெரியாமல் போகும். ஊரக வீடுகளுக்கான கணினிப் பதிவும் நகர்ப்புற வீடுகளுக்கானதும் வெவ்வேறு. ஒன்றியப் பொறியாளர் இனி அந்தப் பகுதிக்குப் பொறுப்பில்லை. மாநகராட்சிப் பொறியாளருக்கு அந்தப் பயனாளியின் பெயரே தெரியாது. பணி ஆணை பெற்றவர்களையாவது வேலை முடியும்வரை பழைய கணக்கிலேயே விட்டுவைக்கலாம். பட்டியலில் பெயர் ஏறி முறைக்காகக் காத்திருப்பவர்கள்தான் முழுமையாகத் தவிப்பார்கள். ஊரகக் காத்திருப்புப் பட்டியலில் உள்ள பெயர் நகர்ப்புறப் பட்டியலில் தானாக ஏறாது. புதிதாக விண்ணப்பித்து, புதிதாக ஆவணம் கொடுத்து, வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

ஆவணம் என்றதும் நத்தம் பட்டா வருகிறது. எல்லையோர ஏழைக் குடும்பங்களில் பலர் இருப்பது கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலத்தில். தாத்தா பெயரில் தோராயப் பட்டா இருக்கும். அல்லது வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் மட்டும் இருக்கும். ஊராட்சியில் இருக்கும்வரை வி.ஏ.ஓ.வும் ஊர்க்காரர்களும் அறிந்த உரிமையாக அது ஓடிவிடும். நகரத்துக்குள் வந்தால் காலப்போக்கில் டவுன் சர்வே நடக்கும். வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று பதிவேடே மாறும். நான்கு வாரிசுகளில் இருவர் வெளியூரில் இருந்தால், அளக்க வரும் நாளில் யார் பெயரை எழுதுவது என்பதில் தகராறு தொடங்கும். பழைய எண்ணும் புதிய எண்ணும் பொருந்தாத இடைக்காலத்தில் வங்கிக் கடன் கிடைப்பது கடினம். ஏற்கெனவே நத்தம் மனை என்றால் பல வங்கிகள் தயங்குகின்றன. தாய்ப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம் என்று கேட்கும் இடத்தில் வெறும் பட்டா நகலோடு போய் நிற்பவருக்கு வீட்டுக் கடன் வட்டி கிடைக்காது, நகைக் கடன் வட்டிதான் கிடைக்கும்.

வாங்கிக் கட்டுபவருக்கு இன்னொரு கணக்கு. 2023 ஏப்ரலிலிருந்து கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்றக் கூடுதல் தீர்வை 2, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். இது அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பின் மேல், அல்லது பத்திரத்தில் எழுதிய விலையின் மேல், எது அதிகமோ அதன் மேல். மூன்று சென்ட் என்பது 1,307 சதுர அடி. சதுர அடி 300 ரூபாய் மதிப்புள்ள தெருவில் அதன் மதிப்பு 3.92 லட்சம்; பதிவுச் செலவு சுமார் 35,000. நகரத்தோடு சேர்ந்ததைக் காரணம் காட்டி அந்தத் தெருவின் மதிப்பை 900 ஆக்கினால் மனை 11.76 லட்சம், பதிவுச் செலவு 1.05 லட்சத்தைத் தாண்டும். இன்னொன்றும் சேர்ந்து போகிறது. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும். மதிப்பு 10 லட்சத்தைத் தாண்டிய அன்று அந்தச் சலுகை இல்லை. எந்தப் பெண்களை நினைத்து அந்தச் சலுகை வந்ததோ, அவர்கள்தான் எல்லையோர மனை வாங்குகிறவர்கள்.

நிலம் வைத்திருப்பவருக்கு மதிப்பு ஏறுவது லாபம்தானே என்று கேட்கலாம். விற்பவருக்கு லாபம்தான். ஏக்கர் கணக்கில் வாங்கிப்போட்டு லே-அவுட் போடுபவருக்குப் பெரிய லாபம். இருக்கிற மூன்று சென்ட்டில் மகனுக்கு ஓர் அறை எடுத்துக் கொடுக்க நினைப்பவருக்கு அந்த ஏற்றத்தால் ஒரு பைசா வரவில்லை. அவர் விற்கப் போவதில்லை, கட்டப் போகிறார்.

கட்ட அனுமதிக் கட்டணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை உண்மையிலேயே உதவியான ஒன்று. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம் என்றால் ஆன்லைனில் உடனே அனுமதி. ஆனால் கட்டணம் இடத்தைப் பொறுத்தது. ஊராட்சிகளில் சதுர அடிக்கு 30 ரூபாய்க்குள், கோவை, மதுரை மாநகராட்சிகளில் 88, சென்னையில் 100. 600 சதுர அடி வீட்டுக்கு ஊராட்சியில் 18,000-க்குள் முடிவது கோவையில் 52,800. அதற்கு முன் காலிமனை வரி ரசீது கேட்பார்கள். ஊராட்சியில் பெரும்பாலோர் கேள்விப்படாத அந்த வரியைப் பல அரையாண்டுகளுக்குச் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும்.

பிறகு சொத்து வரி. 2022-இல் நகர்ப்புற வரி சீரமைக்கப்பட்டபோது, சென்னையின் பழைய பகுதி தவிர்த்த இடங்களில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதமும், 1,200 வரை 50 சதவீதமும், 1,800 வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் உயர்ந்தது. சின்ன வீட்டுக்குக் குறைவாக வைத்தது சரியான முடிவு. ஆனால் இப்போது ஆண்டுக்கு 6 சதவீதம் தானாகவே ஏறுகிறது. 1,000 ரூபாய் வரி ஐந்து ஆண்டில் 1,338 ரூபாய், பத்து ஆண்டில் 1,791 ரூபாய். வீட்டுக்காரர் இதை வாடகையில் ஏற்றுவார். மில்லுக்கும் கம்பெனிக்கும் வந்து ஒற்றை அறையில் குடியிருக்கும் தொழிலாளியும் இந்த எல்லை மாற்றத்தின் விலையைக் கொடுக்கிறார். அவருக்கு அந்த ஊரில் ஓட்டுகூட இருக்காது.

வரி கட்டினால் வசதி வரும் என்பது இணைப்பின் அடிப்படை வாக்குறுதி. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி உள்ளே வந்தன. பத்தாண்டுக்கு மேல் கடந்தும் அந்தச் சேர்க்கப்பட்ட பகுதிகள் முழுவதற்கும் பாதாளச் சாக்கடை போய்ச் சேரவில்லை. வரி மாநகராட்சி வரி, கழிவுநீருக்கு லாரிதான். குடிநீரிலும் இடையில் ஓர் ஓட்டை விழுகிறது. ஜல் ஜீவன் திட்டம் ஊரகத்துக்கு உரியது, நகரங்களுக்கு அம்ருத். முதலாவதில் பாதி தெருவுக்குக் குழாய் பதித்த நிலையில் ஊர் கைமாறினால், மீதித் தெரு இரண்டாவது திட்டத்தின் அடுத்த மதிப்பீட்டுக்காகக் காத்திருக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒன்று நடக்கிறது. அதை நகரத்துக்காரர்கள் கவனிக்க வேண்டும். சென்னையின் ஆற்றங்கரைக் குடியிருப்புகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளுக்காகப் பெரும்பாக்கத்தில் பல்லாயிரம் அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. கட்டப்பட்டபோது பெரும்பாக்கம் ஓர் ஊராட்சி. நகரத்தில் வீட்டு விலை தாங்காமல் வெளியே தள்ளப்பட்டவர்களின் குப்பை, தண்ணீர், தெருவிளக்கு எல்லாம் ஊராட்சி ஒன்றின் வாசலுக்கு வந்தன. நகரம் தன் செலவைக் கிராமத்தின் மேல் இறக்கிவைக்கும்போது எல்லைக் கோடு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. வரி வாங்கும்போது மட்டும் தெரிந்தால், கிராமத்துக்காரர் நகரத்தை நம்பமாட்டார். இப்போதைய அரசியல் பிளவின் வேர் இந்த அவநம்பிக்கைதான்.

அந்தப் பிளவில் எண்ணிக்கையும் ஒரு பங்கு வகிக்கிறது. ஓர் ஊராட்சியில் குறைந்தது 5, அதிகபட்சம் 15 வார்டு உறுப்பினர்கள். மேலே நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி, உள்ளாட்சிகள் தினம் என்று ஆண்டுக்கு ஆறு கிராமசபை. யாருக்கு வீடு ஒதுக்கியிருக்கிறது என்று பட்டியலைப் படிக்கச் சொல்லி எழுந்து நின்று கேட்கலாம். தகுதியில்லாத பெயருக்கு அங்கேயே ஆட்சேபம் சொல்லலாம். கோவை மாநகராட்சியிலோ 100 வார்டுகள். 2011 மக்கள்தொகைப்படியே வார்டுக்குச் சராசரியாக 16,000 பேர். மூவாயிரம் பேர் உள்ள ஊர் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பாதி இடங்கள் பெண்களுக்கு, பட்டியலினத்தவருக்குச் சுழற்சி முறை என்று வந்த தலைவர் பதவிகளும் இணைப்போடு மறைகின்றன. 296 ஊராட்சிகள் என்றால் 296 தலைவர் பதவிகள். கிராமசபை போல வார்டுப் பகுதி மக்கள் கூடும் பகுதிசபைக்கான விதிகள் நகர்ப்புறத்தில் இருக்கின்றன. பயனாளிப் பட்டியலைச் சபையில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்ற பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் இணைப்பே கூடாது என்பது என் கருத்தல்ல. பெரிய நகரங்களை ஒட்டிய சில ஊராட்சிகளில் வயலே மிச்சமில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 376 ஊர்கள், நகரத்தின் எல்லா இலக்கணமும் பொருந்தியும் நகர உள்ளாட்சி அமையாத ஊர்களாகவே இருந்தன. அனுமதியில்லா மனைப்பிரிவுகள் பெருகியதில் ஊராட்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை விதிக்கும் அளவுக்கு நிலைமை போனது. பத்தடித் தெருவில் வடிகால் இல்லாத மனையை வாங்கி ஏமாந்தவர்கள் ஏழைகளே. சொற்ப அலுவலக ஊழியர்களை வைத்துக்கொண்டு ஓர் ஊராட்சி கழிவுநீர் நிலையம் நடத்த முடியாது என்பதும் உண்மை. அரசியல் சட்டத்தின் 243 க்யூ பிரிவு மக்கள்தொகை, அடர்த்தி, வருவாய், வேளாண்மை சாராத வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. பார்க்கட்டும். அதோடு வீட்டுச் செலவையும் பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. பெரும்பாலும் ஓர் அரசாணையில் முடிபவை. அறிவிப்பு நாளில் ஊரகக் காத்திருப்புப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு குடிசைக் குடும்பத்துக்கும், அந்த இடம் நகரத்துக்குள் வந்தாலும், அதே 3.50 லட்சம் உறுதி செய்யப்பட வேண்டும். ஒன்றிய நிதியில் வரும் குறைவை மாநிலம் ஈடுகட்டட்டும். 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு ஊராட்சிக் கட்டணத்திலேயே பத்து ஆண்டு அனுமதி கொடுக்கலாம். குடிநீர், கழிவுநீருக்கான வரிப் பங்கைத் தெருவில் குழாய் வந்த அரையாண்டிலிருந்து மட்டும் வசூலிக்க வேண்டும். இணைப்பு நாளுக்கு முன்பே நத்தம் பட்டா முகாம் நடத்தி, வாரிசுப் பெயர் மாற்றத்தை முடித்துவிட்டுத்தான் டவுன் சர்வேயைத் தொடங்க வேண்டும். வரிசை மாறினால் பத்து வருட வழக்கு நிச்சயம். வழிகாட்டி மதிப்பை, இணைந்த காரணத்துக்காக மட்டும், ஐந்து ஆண்டுகளுக்குத் தொடக்கூடாது.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆட்சேபணை தெரிவிக்கும் அவகாசம் முடிவதற்கு முன், இணைக்கப்படும் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகப் பலகையிலும் ஒரு பக்கக் கணக்கு ஒட்டப்பட வேண்டும். இந்த ஊரில் வீடு கட்டிப் பாதியில் நிற்பவர்கள் எத்தனை பேர், காத்திருப்பவர்கள் எத்தனை பேர், 600 சதுர அடி ஓட்டு வீட்டுக்கு இன்று என்ன வரி, இணைந்த பிறகு என்ன வரி, எந்தத் தெருவுக்கு எந்த ஆண்டில் தண்ணீரும் சாக்கடையும் வரும் என்பவை அதில் இருக்க வேண்டும். கீழே மாநகராட்சி ஆணையரும் வட்டார வளர்ச்சி அலுவலரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அதைப் படித்துவிட்டு ஊர்க்காரர்கள் ஆதரிக்கட்டும், எதிர்க்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
சூலூர் வட்டம், கோவை மாவட்டம்.